பழைய விசைப்படகில் ஃபைபர் பேனல் டெக்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

மர விசைப்படகின் பலகை டெக் (மேல்தளம்) உளுத்துப் போனால், அதைப் பிரித்துவிட்டு குறுக்குச்சட்டங்களின் மேல் ஃபைபர் பேனல் பதிப்பது நல்ல வேலைதான். வருடாவருடம் பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து அடிக்க வேண்டாம், எடை குறையும், மீன் அறைக்குள் ஒழுகாது. ஆனால் அப்படிச் செய்த டெக்குகளிலும் சில கொஞ்ச நாளில் மெத்தென்று ஆகின்றன, சில ஓரத்தில் வெடிக்கின்றன, சில தோல் உரிகின்றன. அப்போது எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்பதை இங்கே எழுதுகிறேன். 40 முதல் 50 அடி வரை உள்ள மரப் படகை மனதில் வைத்து எழுதியது. முழு ஃபைபர் படகுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

பேனல் என்றால் நடுவில் பிவிசி ஃபோம், மேலும் கீழும் ரெசினில் நனைந்த கண்ணாடி இழைத் தோல். மூன்றும் ஒன்றாக ஒட்டியிருக்கும் வரைதான் பலம். ஒரே கனமுள்ள ஃபைபர் தகட்டை இரண்டாகப் பிரித்து, நடுவில் அதே கனத்துக்கு ஃபோம் வைத்து ஒட்டினால் விறைப்பு சுமார் 7 மடங்காகும். ஒட்டு விட்டுப்போனால் அந்த இரண்டு தோலும் தனித்தனியாக நின்று, பழைய தகட்டின் விறைப்பில் கால் பங்குதான் தரும். ஆகவே இந்த டெக்கில் ஒட்டுதான் உயிர்.

இதை மறந்துவிட்டு, பழுது தெரிந்த உடனே அதன் மேலேயே இன்னொரு மேட்டை (கண்ணாடி இழை விரிப்பை) விரித்து ரெசின் பூசுவதுதான் நல்ல டெக்குகளைக் கெடுக்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீருக்குப் போக வழி இல்லாமல் போகிறது. மேலே பளபளவென்று இருக்கும், அடியில் பழுது பரவிக்கொண்டே இருக்கும். காரணம் தெரியும் வரை மேட்டை வெட்டாதீர்கள்.

எந்த மாதத்தில் செய்த வேலை?

இதை முதலில் கேளுங்கள். கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். படகு கரையேறுவது அப்போதுதான், நடுவில் அக்னி நட்சத்திரமும் வந்துவிடும். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அது தென்மேற்குப் பருவமழைக் காலம். ஆகவே தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ செய்த டெக் கெட்டால் முதலில் சூட்டைச் சந்தேகப்படுங்கள். குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ செய்தது என்றால் ஈரத்தைச் சந்தேகப்படுங்கள்.

மிதித்தால் மெத்தென்று அமுங்குகிறது

டெக் முழுவதும் துள்ளுகிறதா, ஓர் இடம் மட்டும் அமுங்குகிறதா என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் இரண்டு சட்டங்களுக்கு நடுவில் நின்று குதிகாலை ஊன்றி எழும்பட்டும். இன்னொருவர் மீன் அறைக்குள் டார்ச்சோடு நின்று பார்க்கட்டும். எல்லா இடைவெளியிலும் ஒரே மாதிரி துள்ளினால் ஒட்டில் குறை இல்லை. சட்டங்களுக்கு இடையே தூரம் அதிகம், அல்லது ஃபோம் மெலிது. கீழே இடைச்சட்டம் சேர்ப்பதுதான் இதற்கு வழி. மேலே மேட் சேர்த்தால் எடைதான் கூடும்.

ஓர் இடம் மட்டும் என்றால் ஒரு நாணயமும் சாக்பீஸும் போதும். நாணயத்தை நிமிர்த்திப் பிடித்து, கையகல இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக்' என்று கூர்மையாகக் கேட்கும். ஒட்டு விட்ட இடத்தில் 'பொத்' என்று மந்தமாகக் கேட்கும். சட்டத்துக்கு நேர் மேலே ஓசை எப்போதும் வேறாகத்தான் இருக்கும். அதனால் சட்டத்தைச் சட்டத்தோடும், இடைவெளியை இடைவெளியோடும்தான் ஒப்பிட வேண்டும். ஓசை மாறும் இடத்தில் எல்லாம் கோடு போடுங்கள்.

கோடு முடிந்ததும் எட்டி நின்று அந்த வடிவத்தைப் பாருங்கள். பாதிப் பதில் அதில் இருக்கும். ஒரு போல்ட்டைச் சுற்றி வட்டமாக இருந்தால் தண்ணீர் அந்தத் துளை வழியாக இறங்கியிருக்கிறது. ஓரத்திலிருந்து நீண்டு உள்ளே வந்திருந்தால் ஓர மூட்டு திறந்திருக்கிறது. எதையும் தொடாமல் நட்ட நடுவில் தீவாக நின்றால், பேனல் செய்யும்போதே காற்று அடைபட்ட இடம் அது. சட்டத்தின் நீளத்துக்கே ஓடினால் பேனலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் பசை நிறையவில்லை.

அப்புறம் உள்ளே ஈரமா என்று பாருங்கள். 4 மி.மீ. பிட்டில் ஆழத்துக்கு டேப் சுற்றிக்கொண்டு, கீழ்த்தோலிலிருந்து ஃபோம் வரை மட்டும் ஒரு துளை. வரும் தூளை உள்ளங்கையில் வாங்குங்கள். ஊதினால் பறந்தால் உள்ளே காய்ந்திருக்கிறது. விரலில் பிசுக்கென்று ஒட்டினால் ஈரம். பழுப்பு நீர் சொட்டினால், சுமை வரும் இடத்தில் ஃபோமுக்குப் பதிலாக உள்ளே வைத்த பிளைவுட் அழுகுகிறது.

காய்ந்த வெற்றிடம் என்றால் வேலை எளிது. இரண்டு முனையிலும் துளை போட்டு, ஒன்றில் ஊசியால் தண்ணீர்ப் பதமான எபாக்ஸியை (ஹார்டனர் கலந்து இறுகவைக்கும் ஒட்டு ரெசின்) ஏற்றுங்கள். மற்றதில் வழிந்ததும் நிறுத்தி, மேலே பாலித்தீன் விரித்து மணல் மூட்டை வையுங்கள்.

ஈரம் என்றால் ஊசி வேலை கூடாது. இரண்டு தோலுக்கு நடுவில் அடைபட்ட தண்ணீர் வெயிலில் காயும் என்று காத்திருப்பதும் வீண். மேல்தோலை மட்டும் கிரைண்டரில் அறுத்து எடுங்கள். ஃபோமைக் காய்ந்த இடம் வரைக்கும், அதற்கு மேல் நாலு விரற்கடையும் சுரண்டி எடுங்கள். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். வெட்டிய தோலின் விளிம்பைத் தடிமனின் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 3 மி.மீ. தோலுக்கு 36 மி.மீ. சரிவு. இந்தச் சரிவில்தான் புதுத் தோல் பழையதோடு பிடிக்கிறது, இதில் சிக்கனம் வேண்டாம். புது ஃபோமின் அடிப்பக்கத்தில் முதலில் ரெசின் தடவிவிடுங்கள். இல்லாவிட்டால் வெட்டுப்பட்ட ஃபோம் பசையில் உள்ள ரெசினைக் குடித்துவிடும், அங்கே மறுபடி 'பொத்'.

ஃபோம் கிடைக்கவில்லை என்று ஐஸ் பெட்டிக்கு வாங்கிய தெர்மாகோலை வைக்கவே கூடாது. மேட்டில் வழக்கமாகப் பூசும் பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பான் தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

வின்ச் ஆடுகிறது, போல்ட்டை முடுக்க முடுக்க இறங்குகிறது

முடுக்குவதை உடனே நிறுத்துங்கள். போல்ட் இறங்குவது அடியில் ஃபோம் நசுங்குவதால்தான். வின்ச் என்ற இழுபொறி மடியை (இழுவலையை) இழுக்கும் சுமையைத் தாங்க ஃபோமால் முடியாது. வின்ச், கயிறு கட்டும் கட்டை, தூண் இவற்றின் அடியில் ஃபோம் இருக்கவே கூடாது. முழு ஃபைபராகவோ, ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டாகவோ இருக்க வேண்டும்.

வின்ச்சைக் கழற்றி, அடித்தட்டைவிடச் சுற்றிலும் ஒரு சாண் அதிகமாக மேல்தோலை அறுத்து, ஃபோமை எடுத்துவிட்டு, பிளைவுட்டின் ஆறு பக்கமும் எபாக்ஸி பூசி இறக்குங்கள். போல்ட் துளை வழியாக அதற்கும் தண்ணீர் வரும் என்பதால் துளையையும் காப்பாற்ற வேண்டும். 12 மி.மீ. போல்ட் என்றால் முதலில் 20 மி.மீ. துளை போட்டு, சிலிக்கா தூள் கலந்த கெட்டி எபாக்ஸியால் நிரப்பி, இறுகியதும் அதன் நடுவில் 12 மி.மீ. துளை போடுங்கள். இப்போது தண்ணீர் இறங்கினாலும் எபாக்ஸியைத்தான் தொடும். கீழே வாஷர் மட்டும் போதாது, அகலமான உலோகத் தகடு வையுங்கள். சுமை சட்டத்துக்குப் போக வேண்டும்.

சின்னச் சின்ன வளையங்கள், கம்பிக் கால்கள் ஃபோமின் மேலேயே இருந்தால் முழுதாக அறுக்க வேண்டியதில்லை. ஒரு ஆணியின் முனையை 'ட' போல வளைத்து டிரில்லில் மாட்டி, துளைக்குள் விட்டுச் சுற்றுங்கள். இரண்டு தோலும் அப்படியே இருக்க, நடுவில் உள்ள ஃபோம் மட்டும் பொடியாகி வரும். அந்தக் குழியை எபாக்ஸியால் நிரப்பிவிடலாம்.

ஸ்டீல் போல்ட் 304-ஆ 316-ஆ என்று கேட்டு வாங்குங்கள். கடலுக்கு 316தான். அதுவும்கூட காற்றுப் படாத ஈரத்துக்குள் கிடந்தால் அரிக்கும். பழைய போல்ட்டைக் கழற்றும்போது நடுப்பகுதியில் பழுப்பு வளையம் தெரிந்தால், அந்த உயரத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது.

மீன் அறைக்குள் சொட்டுகிறது

எல்லாச் சொட்டும் ஒழுக்கு இல்லை. கீழே ஐஸ், மேலே வெயில் என்றால் மீன் அறையின் கூரையில் தண்ணீர் கோத்துச் சொட்டும். ஐஸ் ஏற்றிய நாளில் மட்டும், கூரை முழுவதும் பரவலாகச் சொட்டினால் இதுதான். மேலே சீலன்ட் பூசி ஒரு பயனும் இல்லை, கூரையின் உட்பக்கத்தில் குளிர் தாங்கும் ஃபோம் ஒட்ட வேண்டும். ஐஸ் இல்லாத நாளிலும், அலை ஏறும்போது ஒரே இடத்தில் சொட்டினால் அது ஒழுக்கு.

ஒழுக்கைத் தேடும்போது டெக் முழுவதும் ஹோஸ் பிடிக்காதீர்கள், எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. களிமண்ணால் சிறு வரப்பு கட்டி, ஒரு நேரத்தில் ஓர் இடத்தில் மட்டும் சாயம் கலந்த தண்ணீரை நிறுத்துங்கள். டெக்கின் தாழ்ந்த பக்கத்திலிருந்து ஆரம்பித்து மேலே வாருங்கள். முதலில் மீன் அறை மூடியின் சட்டம், பிறகு போல்ட்கள், கடைசியில் ஓரம். உள்ளே சொட்டும் இடமும் மேலே இறங்கும் இடமும் ஒன்றாக இருக்காது. ஃபோம் துண்டுகளின் நடுவில் உள்ள கீறல்கள் ரெசினால் நிறையாமல் விட்டுப்போனால், தண்ணீர் அவற்றின் வழியாக வெகுதூரம் ஓடிவந்துதான் சொட்டும்.

தோல் உரிகிறது

உரிந்த துண்டை தூக்கி எறியாதீர்கள். அதன் அடிப்பக்கத்தை வெயிலில் திருப்பிப் பிடித்துப் பாருங்கள்.

அடியில் மர நார் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் பசை நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, மரம்தான் செத்துப்போயிருக்கிறது. அந்தச் சட்டத்தை மாற்றாமல் எந்தப் பசை போட்டாலும் நிற்காது. ஃபோம் துகள் ஒரே சீராக ஒட்டி வந்திருந்தாலும் ஒட்டில் குறை இல்லை, ஃபோம்தான் சுமை தாங்காமல் கிழிந்திருக்கிறது. அங்கே இன்னும் அடர்த்தியான ஃபோம் வேண்டும்.

அடிப்பக்கம் கண்ணாடி போலப் பளபளத்தால், கீழே இருந்த பரப்பைத் தேய்க்காமல் பூசியிருக்கிறார்கள். எபாக்ஸியின் மேல் எபாக்ஸி பூசியிருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. ஈரக்காற்றில் இறுகும் எபாக்ஸியின் மேல் மெழுகு போன்ற படலம் படியும். அதன் மேலேயே உப்புத்தாள் தேய்த்தால் படலம் பரவத்தான் செய்யும். முதலில் தண்ணீரும் நாரும் கொண்டு கழுவி, துடைத்து, அப்புறம்தான் தேய்க்க வேண்டும். எபாக்ஸியின் மேல் பாலியெஸ்டர் பூசியிருந்தால் வேறு காரணமே தேட வேண்டாம், அது சரியாகப் பிடிக்காது. பாலியெஸ்டரின் மேல் எபாக்ஸி பிடிக்கும், தலைகீழாகச் செய்யக் கூடாது.

எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் சட்டத்தைப் பாருங்கள். பழைய படகில் மீன் எண்ணெயும் டீசலும் மரத்துக்குள் ஊறியிருக்கும், தேக்கு என்றால் மரத்துக்கே எண்ணெய் உண்டு. புது மரம் தெரியும்வரை இழைத்து, அசிட்டோனால் துடைத்து, தாமதிக்காமல் எபாக்ஸி பூசுங்கள். மரத்தோடு ஒட்டும் இடத்தில் பாலியெஸ்டர் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விலை கூடினாலும் அந்த ஓரிடத்தில் எபாக்ஸிதான்.

வெள்ளையாகப் பூத்திருந்தால் ஈரமும் உப்பும். சட்டத்தின் மேல் ஒரு பாலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் உள்ளே நீர் கோத்திருந்தால் மரம் இன்னும் காயவில்லை. ஈரமானி இருந்தால் 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காத்திருங்கள்.

மறுநாளும் ரெசின் கையில் ஒட்டுகிறது

பாலியெஸ்டரின் மேல்பரப்பு காற்றுப் பட்டால் கொஞ்சம் பிசுபிசுப்பாகத்தான் இருக்கும். அடுத்த மேட் பிடிப்பதற்கு அது நல்லதுதான். கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் கலந்தால் சரியாகிவிடும். கவலைப்பட வேண்டியது உள்ளே இறுகாமல் இருப்பதற்கு. அசிட்டோன் நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்து, உலர்ந்ததும் நகத்தால் அழுத்துங்கள். நகம் வழுக்கினால் மேலே மட்டும்தான் பிசுக்கு. நகம் பதிந்தால் உள்ளேயே இறுகவில்லை.

காரணம் பெரும்பாலும் கேட்டலிஸ்ட் (பாலியெஸ்டரை இறுகவைக்கக் கலக்கும் திரவம்) அளவு. 1 கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி வரை என்பது வழக்கமான வரம்பு, டின்னில் எழுதியிருப்பதே இறுதி. வெயில் அதிகம், சீக்கிரம் கட்டியாகிறது என்று 10 மில்லிக்கும் கீழே குறைத்தால் ரெசின் கடைசிவரை முழுதாக இறுகாது. நேரம் போதவில்லை என்றால் குறைக்க வேண்டியது வாளியில் கலக்கும் ரெசினின் அளவை, கேட்டலிஸ்ட்டை அல்ல. மழைக்காலத்தில் மேட்டே ஈரத்தை வாங்கியிருக்கும். சுருளை நிழலில் திறந்து போடாமல் பாலித்தீனில் கட்டி வையுங்கள். எபாக்ஸி இறுகாவிட்டால் கலவை விகிதம் தப்பியிருக்கிறது அல்லது சரியாகக் கிளறவில்லை. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினாலும் இதே கதிதான். இறுகாத படலத்தின் மேல் எதையும் பூசாதீர்கள், சுரண்டி எடுங்கள்.

இறுகும் வேகத்தைக் கூட்டும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரைத் தனியாகக் கலப்பவர்கள் கவனிக்க வேண்டும். அதையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி முழுதாகக் கிளறிய பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டுக்கும் தனித்தனி அளவுக் கோப்பை. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் விடாமல் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாளி புகைகிறது, தோலில் ஊசித்துளை விழுகிறது

இரண்டும் சூட்டின் வேலை. ரெசின் இறுகும்போது தானாகவே சூடாகும். வாளியில் குவிந்து கிடந்தாலோ, நாலைந்து மேட்டை ஒரே மூச்சில் ஏற்றினாலோ அந்தச் சூடு வெளியேற முடியாமல் ரெசின் பழுத்து வெடிக்கும். இரண்டு மூன்று மேட் போட்டு, சூடு தணிந்த பிறகு அடுத்தது.

ஊசித்துளைக்குக் காரணம் ஃபோமிலும் மரத்திலும் உள்ள காற்று. காலையில் வேலையைத் தொடங்கினால் வெயில் ஏற ஏற அந்தக் காற்று விரிந்து, ஈரமான ரெசின் வழியாக வெளியேறும். சூடு இறங்கும் நேரத்தில் பூசினால் காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுக்கும். ஆகவே பந்தல் போட்டு, காலையிலிருந்தே டெக்கை நிழலில் வைத்து, பிற்பகல் மூன்று நாலு மணிக்கு மேல் முதல் பூச்சைத் தொடங்குங்கள். பனி இறங்கும் முன் அது கட்டியாகிவிட வேண்டும்.

ஓரத்தில் நீளமாக வெடிக்கிறது

டெக்கும் படகின் பக்கச் சுவரும் சேரும் மூலையில் வரும் வெடிப்பு இது. கரையில் வெயிலில் கிடந்த மரப் பலகைகள் சுருங்கியிருக்கும். அந்த அளவிலேயே டெக்கை இறுக்கி ஒட்டிவிடுகிறோம். படகு தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊதுகிறது, அலையில் முறுக்கிக்கொள்கிறது. பேனல் அசையாது. நடுவில் அகப்பட்ட மூலை பிளக்கிறது.

வெடிப்புக் கோட்டின் மேல் ஒற்றை மேட் பட்டை ஒட்டினால் அதே இடத்தில் மறுபடியும் பிளக்கும். கோட்டைத் திறந்து, நேர்க்கோண மூலையை எபாக்ஸிப் பட்டியால் (தூள் கலந்த கெட்டி எபாக்ஸியால்) வளைவாக நிரப்புங்கள். விரலால் தடவினால் முனை தட்டக்கூடாது. அதன் மேல் தைத்த இழைத் துணியை, ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிட அகலமாக ஏற்றுங்கள். எபாக்ஸிக்குச் சாதாரண சாப்டு மேட் (துண்டு இழைகளைப் பசையால் சேர்த்த மேட்) ஆகாது. அதில் இழையைப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்ஸியில் மேட் வளையாமல் நிமிர்ந்து நிற்கும். மரம் அதிகம் அசையும் படகு என்றால் ஓரத்தை விறைப்பாகக் கட்டாமல், இடைவெளி விட்டு பாலியூரித்தீன் சீலன்ட் நிரப்பி, மேலே மரச் சட்டம் வைத்து மூடுவது மேல். கரையில் கிடக்கும்போதும் பக்கப் பலகைகளை ஓலையோ ஈரச் சாக்கோ போட்டு மூடி வைத்தால் இந்தச் சுருக்கம் குறையும். டெக்கின் மேல் மட்டும் சாக்கு வேண்டாம்.

தண்ணீர் தேங்குகிறது, கால் வழுக்குகிறது

தட்டையான பேனலை வளைந்த சட்டத்தின் மேல் சரியாக அழுத்தாமல் விட்டால் நடுவில் இருக்க வேண்டிய மேடு போய்விடும். நூல் பிடித்துப் பாருங்கள். சட்டத்தைச் சீராக்காமல் பட்டியால் மேடு கட்டினால் எடைதான் சேரும். சில இடங்களில் தேங்கும் இடத்திலேயே இன்னொரு வடிகால் துளை திறப்பது போதும். வழுக்கலுக்கு, கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கழுவிக் காய்ந்த ஆற்று மணலைத் தூவுங்கள். கடல் மணல் வேண்டாம், உப்பு ஈரத்தை இழுக்கும்.

படகு மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிர்கிறது

பழைய டெக்கை எடுத்துவிட்டு இலகுவான பேனல் போட்ட படகு முன்பைவிடச் சற்றுச் சுறுசுறுப்பாக ஆடும். அது சரிதான். மாறாக, சாய்ந்தால் நிமிர நேரம் எடுத்தால் மேலே எடை கூடிவிட்டது என்று பொருள். உளுத்த பலகையைப் பிரிக்காமல் அதன் மேலேயே பேனலைப் பதித்த படகிலும், வருடாவருடம் மேட் மேல் மேட் ஏற்றிய படகிலும் இது வரும். டெக் பார்க்க உறுதியாக இருக்கும், ஒழுகாது. அதனாலேயே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் இந்தப் பட்டியலிலேயே ஆளைக் கொல்லக்கூடிய பழுது இதுதான்.

அந்தப் படகைத் தொழிலுக்கு அனுப்பாதீர்கள். துறைமுகத்துக்குள் அலை இல்லாத நேரத்தில், படகு வடிவமைப்பு தெரிந்த பொறியாளர் ஒருவரை வைத்துச் சாய்வுச் சோதனை செய்யுங்கள். எடை தெரிந்த மூட்டைகளைக் குறுக்கே நகர்த்தி, தொங்கவிட்ட தூக்குக் குண்டு எவ்வளவு விலகுகிறது என்று அளப்பார்கள். முடிவு சரியில்லை என்றால், எவ்வளவு செலவழித்துப் போட்ட டெக்காக இருந்தாலும், அடியில் இருக்கும் பழைய பலகையை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும்.